ஐம்பத்தெட்டும் அறுபதும் எவர்க்கு?



2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தமிழ்நாட்டரசு ஓர் ஆணையிட்டது. அரசுப் பணியாளரும் ஆசிரியரும் ஓய்வு பெறும் அகவை 58இலிருந்து 59ஆக உயர்த்தப்பட்டது. கொள்ளைநோய்க்கு அஞ்சி நாடே கதவடைத்துக் கிடந்த காலம் அது. அடுத்த ஆண்டு பிப்பிரவரி 25ஆம் நாள் சட்டமன்றத்தில் வந்த அறிவிப்பால் அந்த 59, 60 ஆயிற்று. ஓய்வு பெறுவோர்க்கு மொத்தமாகத் தரவேண்டிய பணிக்கொடையையும் பிற தொகைகளையும் ஈராண்டு தள்ளிப்போட அரசுக்கு வழி கிடைத்தது. ஈராண்டுச் சம்பளம் கூடுதலாகப் பெறப் பணியாளர்க்கு வாய்ப்புக் கிடைத்தது. வேலைக்குக் காத்துக் கிடந்த இளைஞர்க்கோ காத்திருப்புதான் மிகுந்தது.

அந்த ஈராண்டைப் பற்றிச் செய்தித்தாள்களும் சங்கங்களும் பேசாத பேச்சில்லை. ஆனால் அஃது அவிநாசிச் சாலையிலோ பல்லடம் சாலையிலோ உள்ள எந்தவொரு பனியன் கூடத்தின் வாயிலையும் தாண்டி உள்ளே நுழையவில்லை. பனியன் தொழிலாளிக்கு 58 என்ன, 59 என்ன, 60 என்ன? அவரை ஓய்வு பெறச் சொல்வது அரசாணை அன்று, ஊசி. நாற்பது கடந்த கண்ணுக்கு அருகிலிருக்கும் நூல் தெளிவாகத் தெரிவதில்லை. தையல் ஓரம் பிசகுகிறது; ஒரு மணிக்கு இறங்கும் உருப்படி குறைகிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கிடும் இடத்தில், ‘பீசு ரேட்டு’ என்று தொழிலாளர் வழங்கும் அந்தக் கூலிமுறையில், வேகம் குறைந்தவரை எவரும் ‘வெளியே போ’ என்று சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை கூலிக் கவரே சொல்லிவிடும்.

ஓவர்லாக்கிலும் பேட்லாக்கிலும் இருபது ஆண்டுகள் முதுகு வளைத்தவர், நாற்பத்தைந்தில் அயர்ன் மேசைக்கோ பேக்கிங்குக்கோ போகிறார். ஐம்பதில் காவல் வேலைக்குப் போகிறார். பெண்ணாயின் கைமடிக்குப் போய், அதுவும் முடியாதபோது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பிசிறு வெட்டுகிறார். (இத்தொழிலின் சொற்களில் பெரும்பாலானவை பொறியோடு சேர்ந்து கப்பலேறி வந்தவை. கைமடி, பிசிறு என்னும் சிலவே இம்மண்ணின் பெண்கள் இட்ட பெயர்கள். அவையே இத்தொழிலில் கூலி மிகக் குறைந்த வேலைகளின் பெயர்களாகவும் இருக்கின்றன.) இவ்வாறு உழைக்க இயலாமற் போகும் அகவைக்கும், சட்டம் ஓய்வூதியம் தரும் அகவைக்கும் இடையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிடக்கின்றன. அப்பதினைந்து ஆண்டுகளைப் பற்றி எந்த ஆணையும் எக்காலத்தும் வந்ததில்லை.

ஓய்வூதியம் என்பது நல்ல தமிழ்ச்சொல். ஊதியம் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் பேறு, ஆக்கம் என்னும் பொருளில் ஆண்டார். பிற்காலத்தில் அது கூலிக்கும் சம்பளத்திற்கும் ஆகி வந்தது. ஓய்வுக் காலத்தில் வரும் ஊதியம் ஓய்வூதியம். ‘பென்சன்’ என்னும் சொல்லோ இலத்தீனில் ‘நிறுத்துக் கொடுத்தல்’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. அரசன் தன் மனம்போல் நிறுத்துக் கொடுக்கும் கொடை என்னும் நாற்றம் நெடுங்காலம் அச்சொல்லை விட்டு நீங்கவில்லை. தமிழ்ச்சொல்லில் அந்நாற்றம் இல்லை. உழைத்ததற்குரிய கூலியின் ஒரு பகுதி, உழைக்க முடியாத நாளில் கொடுக்கப்படுகிறது, அவ்வளவே. 1982 திசம்பர் 17ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம், நகரா என்னும் ஓய்வு பெற்ற நடுவண் அரசு அலுவலர் தொடுத்த வழக்கில் இதையே தீர்ப்பாக உரைத்தது. ஓய்வூதியம் ஆள்வோரின் அருளன்று, பணியாளர் முன்னரே உழைத்து ஈட்டிவிட்ட உரிமை என்றது. ஓய்வூதியர் அந்நாளை ஆண்டுதோறும் தம் நாளாகக் கொண்டாடி வருகின்றனர். அவ்வுரிமை அரசு அலுவலகத்துக்குள் பிறந்து அங்கேயே தங்கிவிட்டது என்பதுதான் திருப்பூரின் வழக்கு.

தொழிலாளர்க்கு ஓய்வூதியம் என்னும் எண்ணம் புதியதன்று. செருமனியில் பிசுமார்க்கு 1889இல் அதற்குச் சட்டம் செய்தான். பாட்டாளியரின் மேல் கொண்ட அன்பால் செய்தானல்லன்; அவர்கள் பொதுவுடைமைக் கட்சியின் பக்கம் சாய்ந்துவிடாமல் தடுக்கச் செய்தான். அகவை 70 என்று வைத்தான். அந்நாளில் எழுபதை எட்டிய தொழிலாளர் எத்தனை பேர்? 1916இல்தான் அது 65 ஆயிற்று. பிரித்தானியாவிலும் 1909ஆம் ஆண்டு முதன்முதல் முதியோர்க்குப் பணம் தந்தபோது அகவை 70தான். கிழமைக்கு 5 சில்லிங்கு. இன்று அந்நாட்டில் அரசு ஓய்வூதிய அகவை 66ஐக் கடந்து 67ஐ நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. மக்கள் நெடுநாள் வாழ்கிறார்கள், ஆகவே நெடுநாள் உழைக்கட்டும் என்பது ஆள்வோர் வாதம். மேசைமுன் அமர்ந்து வேலை செய்பவர்க்கு அவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். பன்னிரண்டு மணி நேரம், திருப்பூர் வழக்கில் ‘ஒன்றரை சிப்டு’, பொறிமுன் குனிந்திருப்பவர்க்கு அது பொருந்துமா?

பிசுமார்க்கின் சட்டத்தில் கருதத்தக்க ஒன்று உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை இருந்தது. செலுத்திய பங்குத் தொகைக்கு அடையாளமாக முதலாளி அதில் வில்லை ஒட்டவேண்டும். வில்லை ஒட்டும் சட்டம் என்றே மக்கள் அதற்குப் பட்டப்பெயர் இட்டனர். தன் முதுமைக்காகக் கிழமைக்குக் கிழமை என்ன சேர்கிறது என்பதை எழுத்தறியாத தொழிலாளியும் கண்ணால் பார்த்து விரலால் எண்ண முடிந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின், சனிக்கிழமைதோறும் கூலி எண்ணித் தரும் திருப்பூரில், தன் பெயரில் வைப்புநிதி ஏறுகிறதா இல்லையா என்று அறியாமல் ஒரு தலைமுறையே தையற்பொறியில் தேய்ந்துவிட்டது. இதை என்னென்பது?

இந்தியாவின் சட்டம் வந்த வழியைச் சற்றுப் பார்ப்போர்க்கு இதன் கரணியம் விளங்கும். தொழிலாளர் வைப்புநிதிச் சட்டம் 1952ஆம் ஆண்டினது. முதன்முதல் ஆறு தொழில்களுக்கே அது பொருந்தியது. அந்த ஆறனுள் துணித்தொழிலும் ஒன்று; சிமெண்டு, இரும்பு, காகிதம் ஆகியவற்றோடு ஒருசேர நின்றது. ஆகவே ஆடைத்தொழிலாளர்க்குச் சட்டம் பிந்தி வந்தது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அச்சட்டம் தந்தது சேமிப்பே. திங்கள்தோறும் வரும் ஓய்வூதியம் அன்று. 1971இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் ஒன்று வந்தது. தொழிலாளி பணியிலிருக்கும்போதே இறந்தால் அவர் மனைவி மக்களுக்கு ஏதோ கிடைக்கும். உயிரோடு முதுமை எய்தியவர்க்கு ஓய்வூதியம் இல்லை. செத்தவர்க்குத்தான் உண்டு என்று தொழிலாளர் எள்ளி நகையாடும்படி அது இருந்தது.

1995 நவம்பர் 16 முதல்தான் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து 8.33 விழுக்காடும், நடுவண் அரசு செலுத்தும் 1.16 விழுக்காடும் இதற்குப் போகும். குறைந்தது பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். அகவை 58. ஐம்பதிலேயே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டிற்கும் 4 விழுக்காடு வீதம் வெட்டு விழும். அறுபது வரை காத்திருந்தால் ஆண்டிற்கு 4 விழுக்காடு கூடும். காத்திருக்க முடிந்தவர்க்குக் கூடுதல், முடியாதவர்க்கு வெட்டு! ஐம்பதில் பொறியை விட்டு எழுந்தவர் எவ்வாறு காத்திருப்பார்?

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கவேண்டும். அச்சம்பளத்திற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. தொடக்கத்தில் 5,000 உரூபா, 2001இல் 6,500, 2014 செப்டம்பர் 1 முதல் 15,000. அவ்வரம்பு முழுவதற்கும் பங்கு செலுத்திப் பத்தாண்டு உழைத்தவர்க்குத் திங்களுக்கு 2,143 உரூபா. ஏட்டில் 8,000 உரூபாவே கூலி என்று எழுதப்பட்டவர்க்கு 1,143. இன்றைய வரம்பிலேயே முழுதாக முப்பத்தைந்து ஆண்டு பங்கு செலுத்தினாலும், இருபதாண்டு கடந்தவர்க்குரிய ஈராண்டுச் சலுகையையும் சேர்த்து, எட்டாயிரத்தைத் தொடாது. 2014இல் குறைந்த அளவு ஓய்வூதியம் 1,000 உரூபா என்று வைத்தார்கள். பத்தாண்டு கடந்தும் அஃது அசையவில்லை. விலைவாசி ஏறினால் ஏறும் பஞ்சப்படியும் இதில் இல்லை. 58ஆம் அகவையில் என்ன தொகையோ 78ஆம் அகவையிலும் அதே தொகை. அரிசி விலை மட்டும் தன் அகவைக்கேற்ப வளர்ந்துகொண்டே போகும்.

இனி இன்னொரு பத்தாண்டைப் பாருங்கள். நடுவண் அரசு தன் பணியாளர்க்கென 2025 ஏப்பிரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் பத்தாண்டு பணியாற்றி ஓய்வு பெறுபவர்க்கு உறுதியளிக்கப்பட்ட குறைந்த அளவு 10,000 உரூபா. அரசு நாற்காலியில் பத்தாண்டு, பத்தாயிரம். தொழிற்கூடத்தில் பத்தாண்டு, ஓராயிரம். இரண்டையும் வகுத்தது ஒரே தில்லி. இரண்டிற்கும் இடையில் உள்ளது ஒரே ஒரு சுழி.

இதைக் கேட்டு அரசுப் பணியாளரின் மேல் பொறாமை கொள்வது பாட்டாளிக்கு அழகன்று, பயனும் அன்று. அவர்கள் அதைச் சும்மா பெறவில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்பிரல் 1 அன்றும் அதன் பின்னும் பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியமே என்றாயிற்று. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து அரசும் அதே அளவு போடும்; முடிவில் எவ்வளவு வரும் என்று உறுதி இல்லை. அதே ஆண்டு சூலையில், பறிக்கப்பட்ட பயன்களைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, ஒன்றரை இலக்கத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்ய அரசுப் பணியாளர்க்கு அடிப்படை உரிமை இல்லை என்று அவ்வாண்டு ஆகத்து 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் கூறிற்று. அடங்கிவிட்டார்களா? 2019 சனவரியில் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். இடையறாது கேட்டார்கள். 2026 சனவரி 3ஆம் நாள் தமிழ்நாட்டரசு, இறுதிச் சம்பளத்தில் பாதிக்கு உறுதி தரும் திட்டமொன்றை அறிவிக்கவேண்டியதாயிற்று. அதிலும் பணியாளர் பத்தில் ஒரு பங்கு செலுத்தவே வேண்டும். ஆகவே பழைய உரிமை முழுதாக மீண்டது என்று சொல்வதற்கில்லை. எனினும் இருபதாண்டுக்கு மேல் ஓயாமல் கேட்டவர்க்கு ஏதோ கிடைத்தது. ஒருவருக்கொருவர் தெரிந்தவராய், ஒரே பட்டியலில் பெயர் உள்ளவராய், ஒரே முதலாளியிடம் வேலை செய்பவராய் இருந்ததால் அவர்களால் அவ்வாறு கேட்க முடிந்தது.

திருப்பூரிலும் அத்தகைய ஒற்றுமை இருந்ததுண்டு. 1984ஆம் ஆண்டு பஞ்சப்படி கேட்டு 127 நாள்கள் இவ்வூர்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நான்கு திங்களுக்கும் மேலாக அடுப்பெரியாமல் நின்ற போராட்டம் அது. அதன்பின் வந்த காலத்தில் ஏற்றுமதி பெருகியது. கூடவே ஒப்பந்தமுறையும் பெருகியது. ஒரு கூரையின்கீழ் நடந்த வேலை துண்டு துண்டாகப் பிரிந்து, பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், வெட்டு ஓரிடம், தையல் பவர்டேபிள் காரரிடம் என்று சிதறியது. வைப்புநிதிச் சட்டமோ இருபது பேர் வேலை செய்யும் இடத்தையே தொடும். பதினெட்டுப் பேரோடு ஒரு கூடம், அடுத்த தெருவில் பதினைந்து பேரோடு மற்றொன்று. சட்டத்தின் வலைக்கண்ணுக்கு ஏற்றாற்போல் மீன்களின் அளவு அமைந்துவிட்டது.

இச்சிதறலால் தொழிலாளி இழந்தது பத்தாண்டு என்னும் அந்த எண்ணிக்கை. இருபத்தைந்து ஆண்டு பனியன் தைத்தவர் இவ்வூரில் ஆயிரமாயிரவர் உண்டு. ஒரே ஏட்டில் பத்தாண்டு காட்டக்கூடியவர் எத்தனை பேர்? ஆர்டர் இருக்கும் வரை ஒரு நிறுவனம், தீர்ந்ததும் வேறொன்று. தீபாவளி போனசு வாங்கியதும் இடம் மாறுவது பலர்க்கு வழக்கம். அதைக் குறை கூறுவதில் பொருளில்லை. நான்கணா கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குப் போகும் உரிமை ஒன்றே உருப்படிக் கூலிக்காரரின் கையிலுள்ள படைக்கலம். 2011 சனவரி 28 அன்று நொய்யலாற்று மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. ஆறு பிழைக்கவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அப்பட்டறைகளில் உழைத்தோரின் பணிக்காலம் அன்றோடு அறுந்ததே, அதை எவர் கணக்கில் எழுதினர்?

2014 வரை நிறுவனம் மாறும்தோறும் புது வைப்புநிதி எண் தரப்பட்டது. பழைய எண் பழைய முதலாளியின் ஏட்டோடு போய்விடும். அவ்வாண்டுதான் ஒருவர்க்கு வாழ்நாள் முழுதும் ஒரே எண் என்னும் பன்னிரண்டு இலக்க முறை வந்தது. அதற்குமுன் உழைத்தவர்களில் பலர் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். அஃதாவது, ஓய்வூதியம் உடனே தேவைப்படுகிறவர்கள். அவர்களின் பழைய ஆண்டுகள் மூடிப்போன நிறுவனங்களின் பெயரில் எங்கோ கிடக்கின்றன.

பெண்களின் இழப்பு இன்னும் பெரிது. அதற்குக் கரணியம் ஒரு படிவம். நூற்பாலையிலோ பனியன் கூடத்திலோ பதினெட்டில் சேரும் பெண், திருமணத்தின்போது வேலையை விடுகிறாள். நகை வாங்கவோ கடன் தீர்க்கவோ வைப்புநிதியை எடுக்கிறார்கள். அப்போது ‘பத்து-சி’ என்னும் படிவத்தில் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். சில ஆயிரம் உரூபா வரும். ஆனால் எடுத்த அந்நாளே அவள் உழைத்த நான்கைந்து ஆண்டுகளும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துபோகின்றன. முப்பதில், பிள்ளைகள் பள்ளி சென்றதும், அவள் மீண்டும் பொறிமுன் அமரும்போது கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. அதே படிவத்தில் பணத்திற்கு மாற்றாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். அதை வாங்கி வைத்தால் பழைய ஆண்டுகள் அழியா. பின்னால் உழைக்கும் ஆண்டுகளோடு கூட்டிக்கொள்ளலாம். இவ்வொரு செய்தியைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை தமிழ்ப் பெண்களின் முதுமை வழித்துணையின்றிப் போயிற்று! 2025 அக்டோபரில், வேலையை விட்டவர் ஓய்வூதியப் பங்கை எடுப்பதற்குரிய காத்திருப்பை இரண்டு திங்களிலிருந்து முப்பத்தாறு திங்களாக்க வைப்புநிதியின் நடுவண் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. பணிக்காலம் அழியாமலிருக்கவே இஃது என்றார்கள். நோக்கம் நன்று. ஆயினும் ஏன் என்று விளக்காமல் பூட்டை மட்டும் பெரிதாக்கினால், பூட்டியவன் பறித்தான் என்றுதான் உழைப்பவர் எண்ணுவர்.

விளக்குவது எம்மொழியில்? இங்கேதான் தமிழின் வழக்கும் தமிழ்த் தொழிலாளியின் வழக்கும் ஒன்றாகின்றன. தமிழ்நாட்டில் தமிழே ஆட்சிமொழி என்று 1956இல் சட்டம் செய்யப்பட்டது. வைப்புநிதி அலுவலகமோ நடுவண் அரசினது. அச்சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது. இந்தியைப் பரப்ப நடுவண் அரசு 1976இல் வகுத்த ஆட்சிமொழி நெறிமுறைகள் தமிழ்நாட்டிற்குப் பொருந்தா என்று அவற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது தமிழர் போராடிப் பெற்றதன் பயன். ஆயினும் இந்தி வராத இடத்தில் தமிழ் வந்து அமரவில்லை, ஆங்கிலமே அமர்ந்துகொண்டது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று கருதுவோர் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளட்டும். பொன்னுச்சாமி என்பது தமிழில் ஒரே பெயர்.  ஆங்கில எழுத்தில் அதை ‘சாமி’க்கு நடுவில் ‘டபிள்யூ’ இட்டும் இடாமலும், ‘ச’வுக்கு ‘எசு’ இட்டும் ‘சி-எச்சு’ இட்டும் எழுதலாம். தமிழ்ச்செல்வியின் முதற்பெயரிலுள்ள ழகரத்தை ஒருவர் ‘எல்’ என்பார், மற்றொருவர் ‘செட்-எச்சு’ என்பார். தந்தை பெயரின் முதலெழுத்தை ஆதார் அட்டையில் பின்னால் போட்டிருப்பர், நிறுவன ஏட்டில் முன்னால் போட்டிருப்பர், வங்கிக் கணக்கில் விரித்து எழுதியிருப்பர். பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. திருத்தப் பழைய முதலாளியின் ஒப்புதல் வேண்டும். அவர் கடையை மூடிப் பல்லாண்டாயிற்று. 2025இல் சில திருத்தங்களை உறுப்பினரே இணையத்தில் செய்துகொள்ள வழிவிட்டனர். புதிய எண் பெற்றவர்க்கும் கைப்பேசி இயக்கத் தெரிந்தவர்க்கும் அது உதவும். எழுத்துப்பிழை செய்தவர் எழுத்தர். அதற்குத் தண்டம் கட்டுபவர், அவ்வெழுத்தையே அறியாத தொழிலாளி. இருப்புத் தொகையைக் குறுஞ்செய்தியில் தமிழிலும் கேட்டுப் பெறலாம், அவ்வசதி உண்டு. ஆனால் தமிழ் வேண்டும் என்று கேட்பதற்கும் மூன்று ஆங்கில எழுத்துகளை அழுத்தவேண்டும்!

ஏட்டில் பெயரேறாதவர்க்கு எஞ்சியது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் அது 1962 ஏப்பிரல் 1 அன்று, காமராசர் ஆட்சியில், திங்களுக்கு 20 உரூபாவாகத் தொடங்கியது. அன்றைய நிலையில் இந்தியாவில் பல நாடுகள் எண்ணிப்பாராத செயல் அது. 2011இல் 1,000 உரூபா. 2023 ஆகத்து முதல் 1,200 உரூபா. அதில் நடுவண் அரசின் பங்கு, எண்பது அகவைக்கு உட்பட்டவர்க்கு, 200 உரூபா. பல்லாண்டுக்கு முன் வைத்த அதே 200. எஞ்சிய ஆயிரமும் தமிழ்நாட்டின் சொந்தக் கருவூலத்திலிருந்து போகிறது. ஏற்றுமதியால் ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பதாயிரம் கோடி உரூபா அயல்நாட்டுச் செலாவணியை ஈட்டித் தரும் ஊரின் முதியவர்க்குத் தில்லி தருவது நாளொன்றுக்கு ஏழு உரூபா. அதையும் பெற, ஆதரவற்றவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். நாற்பதாண்டு உழைத்தவர் தம்மை ஆதரவற்றவர் என்று எழுதிக் கையொப்பமிட்டுத்தான் அதை வாங்கவேண்டும் என்பது வறுமையைவிடக் கொடிது.

அமைப்பில்லாத் தொழிலாளர்க்கென்று 2019இல் நடுவண் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அறுபதில் 3,000 உரூபா தருவதாகச் சொல்லும் அதில் சேரும் அகவை பதினெட்டு முதல் நாற்பது வரை. நாற்பத்தொன்று ஆனவர்க்குக் கதவு மூடப்பட்டது. ஓய்வைப் பற்றி மனிதன் எண்ணத் தொடங்குவதே நாற்பதுக்கு மேல்தானே! தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தையல் தொழிலாளர்க்கும் விசைத்தறியாளர்க்கும் நலவாரியங்கள் உள்ளன. அறுபதில் ஓய்வூதியம் உண்டு. பதிவைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டு வருவோர்க்கு அது கைகொடுக்கிறது.

ஆக, கேட்கவேண்டியவை இரண்டு முனைகளில் உள்ளன. தில்லியிடம் கேட்கவேண்டியது: குறைந்த அளவு ஓய்வூதியம் உயரவேண்டும், அது விலைவாசியோடு நகரவேண்டும், கண்ணையும் முதுகையும் தின்னும் தொழில்களில் ஐம்பதில் பெறுவோர்க்கு வெட்டு நீங்கவேண்டும். பத்தாண்டு என்னும் வரம்பைத் தளர்த்தி, உழைத்த ஆண்டுக்கேற்பச் சிறு தொகையேனும் தரவேண்டும். இவை அரசியல் வலிமையால் ஆகவேண்டியவை, காலம் எடுக்கும்.

இவ்வூரிலேயே, அடுத்த சனிக்கிழமையே கேட்கத்தக்கவையும் உண்டு. கூலிச் சீட்டு தமிழில் வேண்டும். அதில் எத்தொகைக்கு வைப்புநிதி பிடிக்கப்படுகிறது என்பது தனியே எழுதப்பட வேண்டும். கையில் பதினெட்டாயிரம், ஏட்டில் எட்டாயிரம் என்னும் இரட்டைக் கணக்கு இன்று சட்டத்தில் நிற்காது. எல்லார்க்கும் ஒரேமாதிரி தரப்படும் படிகளும் அடிப்படைக் கூலியே என்று 2019 பிப்பிரவரி 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டால் மிகுதி கூலியோடு சேரும் என்று இலக்கணம் வகுக்கப்பட்டுள்ளது. அத்தொகுப்புகளில் தொழிலாளர்க்குப் பகையானவை பல உண்டு. அவற்றை எதிர்ப்பது வேறு, இந்த ஒரு வரியைப் பயன்படுத்திக்கொள்வது வேறு. ஒப்பந்தக்காரர் பங்கு கட்டாவிடின் வேலை கொடுத்த முதன்மை நிறுவனமே கட்டவேண்டும் என்பது வைப்புநிதிச் சட்டத்தில் முன்பே உள்ளது. அயல்நாட்டு வாங்குவோர் கணக்காய்வுக்கு வரும்போது மட்டும் தூசு தட்டப்படும் அந்த ஏட்டைத் தொழிலாளியும் பார்க்கக் கேட்கலாம். ஒடிசாவிலிருந்து வந்து பக்கத்துப் பொறியில் அமர்ந்திருக்கும் இளைஞனுக்கும் இதே கணக்குத்தான். அவன் பெயர் ஏறாத ஏட்டில் தமிழன் பெயரும் நெடுநாள் நிற்காது.

தொழிற்சங்கங்கள் கூலி உயர்வு ஒப்பந்தம் பேசும்போது ஓய்வூதியம் பட்டியலின் கடைசி வரியாகவே வருகிறது. பல முறை வருவதே இல்லை. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் கிழமைக்கு ஒரு மாலை, படித்த இளைஞர் இருவர் மேசை போட்டு அமரலாம். பழைய எண்ணைத் தேடுதல், ஆதாரோடு பெயரைப் பொருத்துதல், ‘பத்து-சி’யில் பணத்துக்கு மாற்றாகச் சான்றிதழ் கேட்டு எழுதுதல், ஐம்பத்தெட்டு நிறைந்தவர்க்குப் ‘பத்து-டி’ நிரப்பித் தருதல் ஆகிய இவ்வளவே வேலை. தனித்தமிழ் பேசும் இளைஞர்க்கு இதைவிடச் சிறந்த தமிழ்ப்பணி இந்நகரில் வேறில்லை. முதலில் ஐம்பது கடந்த பெண்களிடமிருந்து தொடங்கட்டும். அவர்களுக்குத்தான் நாள் குறைவு.